‘பிறந்தேன், ஆனால்…’: அலுவலகமும் வீடும் மோதிக்கொள்ளும் ஓசுவின் மௌனப் படம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜப்பானிய இயக்குநர் யசுஜிரோ ஓசு என்றதும் எல்லோருக்கும் ‘டோக்கியோ ஸ்டோரி’தான் நினைவுக்கு வருகிறது. அதற்கு 21 வருடங்கள் முன்னால் அவர் எடுத்த இந்தப் படத்தை சினிமா ஆர்வலர்களிலேயே பலர் பார்த்திருக்க மாட்டார்கள். ‘மௌனப் படமா, அப்புறம் பார்க்கலாம்’ என்று தள்ளிப்போடுகிறார்கள். அப்படித் தள்ளிப்போட்டவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளும், பார்த்து முடித்தவர்கள் கேட்கும் கேள்விகளும் கீழே கலந்தே இருக்கின்றன.

முதலில், இது என்ன படம்?

1932 ஜூன் 3 அன்று ஜப்பானில் வெளியான மௌனப் படம். தயாரித்தது ஷோச்சிக்கு நிறுவனம், இயக்கம் ஓசு. ஓடும் நேரம் ஏறக்குறைய ஒன்றரை மணி. முதல் ஒரு மணி நேரம் வயிறு குலுங்கச் சிரிக்க வைத்துவிட்டு, அதன்பிறகு சிரித்ததற்கெல்லாம் கணக்குக் கேட்கிற படம்.

கதை என்ன?

யோஷி ஒரு கம்பெனியில் வேலை பார்க்கும் சம்பளக்காரர். மனைவியோடும் ரியோச்சி, கெய்ஜி என்ற இரண்டு பையன்களோடும் டோக்கியோவின் புறநகருக்கு வீடு மாறுகிறார். கம்பெனி மேலதிகாரி இவாசாகியின் வீடு பக்கத்திலேயே இருக்கிறது. இது தற்செயல் இல்லை. ‘பெரியவர் வீட்டுப் பக்கத்திலேயே போய் உட்கார்ந்துவிட்டானே, கெட்டிக்காரன்’ என்று கூட வேலை பார்ப்பவர்களே கிண்டலடிக்கிறார்கள்.

பையன்களுக்கு அதெல்லாம் தெரியாது. அவர்களுக்கு இருக்கும் கவலை தெருப் பையன்களின் ரௌடிக் கூட்டம். அடி வாங்கப் பயந்து பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போடுகிறார்கள். வெட்டவெளியில் உட்கார்ந்து மதியச் சாப்பாட்டை முடிக்கிறார்கள். எழுத்துப் பயிற்சித் தாளில் நல்ல மதிப்பெண் வாங்கி வரும்படி அப்பா சொல்லியிருக்கிறார் என்பதால், சாக்கே (அரிசி மது) கடையின் டெலிவரிப் பையனைப் பிடித்து ஆசிரியர் போடவேண்டிய மதிப்பெண்ணை அவனையே போட வைக்கிறார்கள். கடைசியில் அந்தக் கூட்டத்தையே கைக்குள் போட்டுக்கொள்கிறார்கள். மேலதிகாரியின் மகன் தாரோவும் இப்போது அவர்களுக்கு அடக்கம்.

பிறகு ஒரு மாலையில் இவாசாகி தான் எடுத்த படங்களைத் தன் வீட்டில் திரையிடுகிறார். பையன்களும் போகிறார்கள். திரையில் அவர்களுடைய அப்பா வருகிறார். அங்கே எல்லாம் தலைகீழாகிறது.

அந்தத் திரையிடலில் அப்படி என்னதான் நடக்கிறது?

படத்தின் உயிரே அங்கேதான் இருக்கிறது. ஏற்கெனவே பார்த்தவர்கள்கூட அந்தப் பகுதியை மட்டும் தனியாக ஒருமுறை பார்க்கலாம்.

முதலில் மிருகக்காட்சி சாலை. வரிக்குதிரை வந்ததும் அது வெள்ளையில் கறுப்புக் கோடா, கறுப்பில் வெள்ளைக் கோடா என்று பையன்கள் அடித்துக்கொள்கிறார்கள். அடுத்த துண்டில் இவாசாகி கெய்ஷாப் பெண்களோடு கொஞ்சுகிற காட்சி ஓடிவிட, அவர் மனைவியின் முகம் போகிற போக்கில் அறையே நெளிகிறது. இதுவரை வெறும் நகைச்சுவை.

பிறகு அலுவலகக் காட்சிகள். யோஷி கேமராவுக்கு முன் நின்று முகத்தைக் கோணுகிறார், கண்ணை உருட்டுகிறார், கோமாளி வேலை காட்டுகிறார். மேலதிகாரி சிரிக்கிறார், கூட்டம் சிரிக்கிறது, தெருப் பையன்களும் சிரிக்கிறார்கள். ரியோச்சியும் கெய்ஜியும் முதலில் என்ன செய்வதென்று தெரியாமல் விழிக்கிறார்கள். வீட்டில் விறைப்பாக இருந்து ‘நன்றாகப் படி, பெரிய ஆளாக வா’ என்று அதட்டுகிற அப்பாவா இது?

யோஷி அந்த அறையிலேயே இருக்கிறார் என்பதை மறக்கக் கூடாது. தன் கூத்தைத் தன் பிள்ளைகள் பார்ப்பதை அவர் பார்க்கிறார். அப்பாவாக நடிக்கும் தாத்சுவோ சைட்டோ இந்த இடத்தில் எதையும் மிகைப்படுத்துவதில்லை. சிரிப்பதா, நெளிவதா என்று முடிவெடுக்க முடியாத ஒரு முகம், அவ்வளவுதான். சினிமாவுக்குள் சினிமா காட்டுவது இன்று சலித்துப்போன உத்தி. இங்கே அது கதைக்கு அவசியமாகவே வருகிறது. அலுவலகத்துக்குப் பிள்ளைகள் போக முடியாதே. அப்பாவின் அலுவலகம் அவர்களைத் தேடி வர ஒரு புரொஜெக்டர் தேவைப்படுகிறது.

அதற்குப் பிறகு வரும் சண்டையைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்களே?

வீட்டுக்கு வந்ததும் பையன்கள் வெடிக்கிறார்கள். வசனங்களை நினைவிலிருந்து நம் பேச்சில் சொன்னால் ஏறக்குறைய இப்படி: தாரோ அப்பாவுக்கு ஏன் அப்படிக் குனிந்து கும்பிடுகிறீர்கள்? அவர் அதிகாரி, நான் அவரிடம் வேலை பார்ப்பவன். அவர்தானே சம்பளம் தருகிறார். அப்படியானால் அந்தச் சம்பளத்தை வாங்காதீர்கள். வாங்காவிட்டால் நீங்கள் எப்படிச் சாப்பிடுவீர்கள், எப்படிப் பள்ளிக்கூடம் போவீர்கள்?

அப்பா சொல்வது நியாயமான பதில். அந்த நியாயத்தைப் பையன்கள் அப்படியே பிடித்துக்கொள்கிறார்கள். நாங்கள் சாப்பிடுவதுதானே உங்களைக் குனிய வைக்கிறது, அப்படியானால் சாப்பிடமாட்டோம். உண்ணாவிரதம் தொடங்குகிறது. பிடிவாதக் குழந்தைகளின் அடம் மாதிரித் தெரிந்தாலும், அதற்குள் இருக்கிற தர்க்கத்தில் ஒரு ஓட்டைகூடக் கிடையாது. அப்பாவிடமும் பதில் இல்லை. பதில் இல்லாத அப்பாக்கள் செய்வதை யோஷியும் செய்கிறார்: பெரியவனை அடிக்கிறார்.

அப்படியானால் இது முதலாளித்துவத்துக்கு எதிரான படமா? மேல்–கீழ் பேதத்தை எதிர்த்துப் பையன்கள் கலகம் செய்கிறார்களா?

அப்படித்தான் பலரும் எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை.

பையன்கள் மேல்–கீழை எதிர்க்கவே இல்லை. அந்தப் படத்திலேயே அதை மிகத் தீவிரமாக நம்புகிறவர்கள் அவர்கள்தான். அவர்கள் கூட்டத்தில் ஒரு விளையாட்டு உண்டு. தலைவன் விரலை நீட்டிச் சைகை காட்டினால் எதிரில் இருப்பவன் செத்தவன் மாதிரி மண்ணில் விழ வேண்டும். இன்னொரு சைகை காட்டும்வரை எழக் கூடாது. தாரோ நல்ல சட்டை போட்டிருந்தாலும் விழத்தான் வேண்டும். இந்த ஏற்பாட்டில் யார் மேலே, யார் கீழே என்பது பலத்தால் தீர்மானமாகிறது. அது அவர்களுக்கு முழுச் சம்மதம்.

அவர்களுடைய கோபம் வேறு. ‘நான் தாரோவைவிடப் பலசாலி, நல்ல மார்க்கும் வாங்குகிறேன். பெரியவனானதும் அவனிடம் வேலைக்குப் போக வேண்டுமென்றால் எதற்குப் பள்ளிக்கூடம்?’ என்கிறான் பெரியவன். தெருவில் செல்லுபடியாகும் விதி பெரியவர்கள் உலகத்தில் செல்லுபடியாகவில்லை, அங்கே பலத்தின் இடத்தில் பணம் உட்கார்ந்திருக்கிறது, அதுவும் அப்பன் சொத்தாகக் கைமாறுகிறது. தங்கள் அப்பா உச்சியில் இல்லை என்பதுதான் அவர்களுக்குத் துக்கம். உச்சி என்ற ஒன்று இருப்பதில் அவர்களுக்கு எந்த வருத்தமும் இல்லை.

இதற்கு முன்னோட்டம் மாதிரி ஒரு சின்ன விஷயம் வருகிறது, கவனிக்காமல் விட்டுவிடுவோம். டெலிவரிப் பையன் இவர்களுக்காகப் பெரிய ரௌடியை மிரட்டி விரட்டுகிறான். அப்படியே தாரோவையும் ஒரு கை பாரேன் என்று கேட்கிறார்கள். அவன் மறுக்கிறான். தாரோ வீட்டில் வாங்கும் சரக்கு அதிகம், நல்ல வாடிக்கை. சம்பளம், வியாபாரம், கும்பிடு எல்லாம் அங்கேயே காட்டப்பட்டுவிட்டன. பையன்களுக்குத்தான் அப்போது உறைக்கவில்லை.

அந்த அப்பா ஒரு ஜால்ராதானே?

ஆமாம். காக்கா பிடிக்கிறவர்தான், படம் அதை மறைக்கவில்லை. வீடு மாறிய அன்றைக்கே சாமான் இறக்குவதை விட்டுவிட்டு இவாசாகி வீட்டுக்கு மரியாதை செலுத்தப் போகிறவர் அவர்.

ஆனால் சண்டை நடந்த இரவு பையன்கள் தூங்கியபிறகு அவரும் மனைவியும் அவர்கள் முகத்தைப் பார்த்தபடி பேசுகிற காட்சியைச் சேர்த்துத்தான் எடை போட வேண்டும். இவர்களும் நம்மை மாதிரியே கஷ்டப்பட வேண்டியதுதானா என்கிறார். என்னை மாதிரி ஒரு சம்பளக்காரனாக ஆகிவிடாதே என்று தூங்குகிற பிள்ளையிடம் சொல்கிறார். பையன்கள் சொன்னது அத்தனையும் சரி என்று அவருக்குத் தெரியும். அலுவலகத்தில் கோமாளியாக நின்றது தெரியாமல் செய்த தவறு இல்லை. விலை தெரிந்து கொடுத்தது. அந்த விலை பிள்ளைகள் கண்ணில் பட்டுவிட்டது என்பதுதான் புதுசு.

அலுவலகம் திரையில் எவ்வளவு நேரம் வருகிறது?

குறைவாகவே வருகிறது, ஆனால் வருகிற இடங்கள் கச்சிதம். கேமரா எழுத்துப் பயிற்சி செய்யும் பள்ளிப் பையன்கள் வரிசையில் பக்கவாட்டாக நகர்கிறது. பிறகு அதே மாதிரி அலுவலக மேசைகளின் வரிசையில் நகர்கிறது. கேமரா கடக்கக் கடக்க ஒவ்வொருவராகக் கொட்டாவி விடுகிறார்கள். ஒருத்தர் மட்டும் விடவில்லை. கேமரா திரும்பி வந்து நிற்கிறது. அவரும் கொட்டாவி விட்டபிறகு மேலே போகிறது. வகுப்பறையும் அலுவலகமும் ஒரே பெஞ்சின் நீட்சி என்பதை ஒரு வசனமும் இல்லாமல் ஓசு சொல்லிவிடுகிறார். எனக்குத் தெரிந்து கேமராவே ஜோக் அடிக்கும் மிகச் சில இடங்களில் இது ஒன்று.

ஓசு கேமராவை நகர்த்தவே மாட்டார் என்று படித்தேனே?

அது பிற்கால ஓசு. 1950களில் கேமராவைக் கிட்டத்தட்ட ஆணியடித்து வைத்தார். இந்தப் படத்தில் அது தாராளமாக ஓடுகிறது. தரைக்கு அருகே தாழ்த்தி வைக்கும் பழக்கம் மட்டும் இப்போதே தொடங்கிவிட்டது. பையன்களின் கதைக்கு அந்த உயரம் இயல்பாகவே பொருந்துகிறது. அவர் அப்போது ஹாலிவுட் படங்களின் பெரிய ரசிகர், குறிப்பாக இயக்குநர் லூபிட்ச், நகைச்சுவை நடிகர் ஹரால்ட் லாயிட் படங்கள். ஜோக் கட்டுகிற விதத்தில் அந்தப் பள்ளியின் வாசனை அடிக்கிறது.

1932இல் ஏன் மௌனப் படம்? அப்போதே பேசும் படம் வந்துவிட்டதே?

வந்துவிட்டது. தமிழின் முதல் பேசும் படமான ‘காளிதாஸ்’ வெளியானது 1931 அக்டோபரில். ஜப்பானிலும் அதே 1931இல் ஷோச்சிக்குவே முதல் வெற்றிகரமான பேசும் படத்தை வெளியிட்டிருந்தது. ஆனால் அங்கே மாற்றம் மெதுவாகத்தான் நடந்தது. திரைக்குப் பக்கத்தில் நின்று கதையை ஏற்ற இறக்கத்தோடு சொல்லும் பென்ஷி என்ற கலைஞர்களுக்கு நட்சத்திர மதிப்பு இருந்தது. ஆகவே அன்றைய ஜப்பானிய ரசிகருக்கு இது ‘மௌனமாக’ இருந்திருக்காது. ஓசு தன் முதல் பேசும் கதைப்படத்தை எடுத்தது 1936இல்தான், ‘ஒரே மகன்’.

அந்தப் புறநகரும் ரயில்களும் ஏதாவது குறியீடா?

குறியீடு என்று தேட வேண்டாம், அது அன்றைய டோக்கியோ. 1923 செப்டம்பர் 1 நிலநடுக்கத்துக்குப் பிறகு நகரம் வெளியே பரவியது. ரயில் பாதைகளை ஒட்டிச் சம்பளக்காரர்களின் வீடுகள் முளைத்தன. படம் வெளியான நான்கு மாதத்தில், 1932 அக்டோபரில், சுற்றியிருந்த ஊர்களைச் சேர்த்துக்கொண்டு டோக்கியோ நகரம் 15 வட்டங்களிலிருந்து 35 வட்டங்களாகப் பெருத்தது. படத்தின் முதல் காட்சியே சாமான் ஏற்றிய லாரியின் சக்கரம் சேற்றில் சுழல்வதுதான். சாலைகூடப் போடாத இடத்துக்குக் குடிபோகிறார்கள். வேலியும் மின்கம்பங்களும் வெற்று நிலமுமாக இருக்கிற அந்த இடத்தைக் கடந்து ரயில்கள் போய்க்கொண்டே இருக்கின்றன. மேலதிகாரி காரில் போகிறார், யோஷி போன்றவர்கள் ரயிலில் போகிறார்கள்.

பையன்கள் ராணுவத் தளபதியாக வேண்டும் என்கிறார்களே, அதை எப்படி எடுத்துக்கொள்வது?

பெரியவன் ஜெனரல் ஆவானாம், அதனால் சின்னவன் லெப்டினன்ட் ஜெனரல் ஆவதோடு திருப்திப்பட்டுக்கொள்கிறான். திரையரங்கில் இது சிரிப்பை வரவழைத்திருக்கும். ஆனால் தேதியைப் பாருங்கள். 1931 செப்டம்பரில் ஜப்பானிய ராணுவம் மஞ்சூரியாவில் இறங்கிவிட்டது. படம் வெளியாவதற்கு மூன்று வாரம் முன்பு, 1932 மே 15 அன்று, கடற்படை இளம் அதிகாரிகள் பிரதமர் இனுகாய் சுயோஷியைச் சுட்டுக் கொன்றார்கள். ஓசு எதையும் சுட்டிக்காட்டவில்லை. நமக்கு அந்த ஜோக் தொண்டையில் நிற்கிறது.

நடித்தவர்கள் யார்?

அப்பாவாகத் தாத்சுவோ சைட்டோ, அம்மாவாக மிட்சுகோ யோஷிகாவா, இவாசாகியாகத் தகேஷி சகமோட்டோ. பெரிய பையன் ஹிதேயோ சுகவாரா. சின்னவனாக வரும் உருண்டை முகக்காரனின் உண்மைப் பெயர் தோமியோ அவோக்கி. 1929இல் ஓசு எடுத்த ஒரு குறும்படத்தின் தலைப்பான ‘தொக்கான் கோஸோ’வையே நடிப்புப் பெயராக வைத்துக்கொண்டவன். அண்ணன் செய்வதை அரை நொடி தாமதமாக அப்படியே செய்வதுதான் அவன் வேலை. படத்தின் சிரிப்பில் பாதி அவனுடையது. மீதியில் கொஞ்சம், ‘வயிறு சரியில்லை, எதுவும் தின்னக் கொடுக்காதீர்கள்’ என்று முதுகில் சீட்டு ஒட்டிக்கொண்டு திரியும் ஒரு குட்டிப் பையனுக்குப் போக வேண்டும்.

அம்மாவுக்குப் பெரிய பாத்திரம் இல்லையா?

வசனம் குறைவு. ஆனால் மறுநாள் காலை உண்ணாவிரதத்தை முடித்து வைப்பது அவர் பிடித்து வைக்கும் சோற்று உருண்டைகள்தான். பையன்கள் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். பசி வேலை செய்கிறது. அப்பாவும் வந்து பக்கத்தில் உட்கார்ந்து ஒன்றை எடுத்துக்கொள்கிறார். சமாதானப் பேச்சு எதுவும் கிடையாது. மெல்லுவதுதான் சமாதானம்.

முடிவு மகிழ்ச்சியா, சோகமா? (படம் பார்க்காதவர்கள் இதைத் தாண்டிப் போகலாம்)

ரயில்வே கேட்டில் இவாசாகியின் கார் நிற்கிறது. பக்கத்தில் பிள்ளைகள் இருப்பதால் யோஷி தயங்குகிறார். போய்க் கும்பிட்டுவிட்டு வாருங்கள் அப்பா என்று அவர்களே சொல்கிறார்கள். அவர் போகிறார்.

பிள்ளைகளுக்குப் பக்குவம் வந்துவிட்டது, அப்பாவை மன்னித்துவிட்டார்கள் என்று ஆறுதலாகப் படிக்கலாம். அடுத்த தலைமுறைச் சம்பளக்காரன் அந்த இடத்தில்தான் பிறந்தான் என்றும் படிக்கலாம். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் இரண்டாவது பக்கம். ஆனாலும் அந்தப் பையன்கள் அதைக் கசப்போடு சொல்லவில்லை. அப்பாவுக்குச் சங்கடம் வேண்டாமே என்று அனுமதி கொடுக்கிற தொனியில் சொல்கிறார்கள். அன்பும் தோல்வியும் அங்கே பிரிக்க முடியாமல் ஒட்டிக்கிடக்கின்றன. குழந்தைகளைப் பற்றிப் படமெடுக்கத் தொடங்கி, பெரியவர்களைப் பற்றிய படத்தில் போய் முடிந்தது என்று ஓசுவே பின்னாளில் சொன்னார். நிறுவனத்துக்கும் படம் எதிர்பார்த்ததைவிட இருட்டாகத் தெரிந்து, வெளியீட்டைத் தள்ளிப்போட்டது.

இவ்வளவு நல்ல படம் ஏன் கவனிக்கப்படவில்லை?

ஜப்பானில் கவனிக்கப்பட்டது. ‘கினேமா ஜும்போ’ இதழ் 1932ஆம் ஆண்டின் சிறந்த படமாக இதைத் தேர்ந்தெடுத்தது. அடுத்த இரண்டு வருடங்களும் ஓசுவின் படங்களே முதலிடம் பிடித்தன. வெளிநாடுகளுக்கு அவர் போய்ச் சேர்ந்ததுதான் தாமதம். 1963 டிசம்பர் 12 அன்று, தன் 60ஆவது பிறந்தநாளிலேயே, அவர் இறந்தார். அதற்குப் பிறகுதான் பெரும்பாலான நாடுகள் அவரைக் கண்டுகொண்டன. கண்டுகொண்டதும் முதிய பெற்றோர், கல்யாண வயசுப் பெண் என்ற அவருடைய பிற்காலப் படங்களைத்தான். சிரிக்க வைத்த ஓசு பின்வரிசைக்குப் போய்விட்டார்.

தலைப்பில் ஏன் ‘ஆனால்’?

ஓசுவுக்கு அப்படி ஒரு வரிசை உண்டு. 1929இல் ‘பட்டம் பெற்றேன், ஆனால்…’, 1930இல் ‘தேர்வில் தோற்றேன், ஆனால்…’. பட்டதாரிகளுக்கு வேலை கிடைக்காத பொருளாதார நெருக்கடிக் காலம் அது. முதல் படத்தில் இன்று சில நிமிடங்களே மிஞ்சியிருக்கின்றன.

‘குட் மார்னிங்’ இதன் ரீமேக்தானா?

பலர் அப்படிச் சொல்கிறார்கள். 1959இல் ஓசு வண்ணத்தில் எடுத்த அந்தப் படத்திலும் இரண்டு பையன்கள் போராட்டம் நடத்துகிறார்கள். இந்த முறை தொலைக்காட்சிப் பெட்டி கேட்டு மௌன விரதம். அது ஜாலியான படம். இதிலிருக்கும் முள் அதில் இல்லை. ரீமேக் என்று நினைத்து அதைப் பார்த்துவிட்டு இதை விட்டுவிடாதீர்கள்.

குழந்தைகளோடு பார்க்கலாமா?

தாராளமாக. கீழே வரும் எழுத்துகளை நீங்கள் படித்துச் சொல்ல வேண்டியிருக்கும், பென்ஷி வேலை உங்களுக்கு. அப்பா ஏன் அவருக்கு வணக்கம் வைக்கிறார் என்று நடுவில் ஒரு கேள்வி நிச்சயம் வரும். தயாராக உட்காருங்கள்.

எந்தப் பதிப்பைப் பார்ப்பது? இசை வேண்டுமா?

கிரைட்டீரியன் நிறுவனம் 2008இல் ‘சைலன்ட் ஓசு’ என்ற தலைப்பில் மூன்று குடும்ப நகைச்சுவைப் படங்களை ஒரே டிவிடி தொகுப்பாகக் கொண்டுவந்தது. அதில் இது இருக்கிறது. டொனால்ட் சோசினின் பியானோ இசையோடு கிடைக்கும். திரையிடல் காட்சியை மட்டும் ஒருமுறை ஒலியை அணைத்துவிட்டுப் பாருங்கள். அந்த அறையின் சங்கடம் இன்னும் நன்றாகக் கேட்கும்.

பிடித்திருந்தால் அடுத்து எது?

அதே தொகுப்பில் இருக்கும் ‘டோக்கியோ கோரஸ்’ (1931). கூட வேலை பார்க்கும் முதியவரை நீக்கியதற்காக மேலதிகாரியிடம் சண்டை போட்டு வேலையை இழக்கும் ஒரு அப்பாவின் கதை. யோஷி குனியாமல் நிமிர்ந்திருந்தால் வீட்டில் என்ன நடந்திருக்கும் என்ற கேள்விக்கு, ஒரு வருடம் முன்பே ஓசு எழுதி வைத்த பதில் அது. மூன்றாவது படமான ‘பாஸிங் ஃபேன்ஸி’ அதற்குப் பிறகு போதும்.